மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்கள்

எங்கள் ஊரில் "அவளுக்கு ஆபரேஷன் ஆயிட்டு" என்று சொன்னால் எந்த ஆபரேஷன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். குடல்வால் எடுத்தவர்களும் கண்ணில் புரை எடுத்தவர்களும்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பெயரில்லாமல் வெறும் ஆபரேஷன் என்றால் அது ஒன்றுதான்: இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு பெண்கள் செய்துகொள்வது. புதூரைச் சுற்றியுள்ள ஊர்களில் என் வயதுப் பெண்களில் அதைச் செய்யாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் நான் ஒருத்தி. எங்கள் வீட்டில் அதைச் செய்துகொண்டது என் வீட்டுக்காரர்.

அவர் ஆடு மேய்க்கிற குடும்பம். அவருடைய அப்பா காலத்தில் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராகப் போனவர்கள், பிறகு கொஞ்சம் கரிசல் நிலம் வாங்கி மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டு ஒரே ஊரில் தங்கிவிட்டார்கள். ஆடுகளை மட்டும் விடவில்லை. நான் கோவில்பட்டிக்காரி. அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. பி.காம் முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். வீட்டில் நாங்கள் இருவரும் என் மாமியாரும்தான்.

முதல் பிள்ளை பையன். பிரசவத்தின்போதே காப்பர் டி வைத்துவிட்டார்கள். என்னிடம் கேட்டுத்தான் வைத்தார்கள், நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் என் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. மாதாமாதம் உதிரம் நிற்காமல் போய், கடையில் ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். அதை எடுத்த பிறகு மாத்திரை கேட்டேன். ஊருக்கு வரும் நர்ஸம்மா என் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்துவிட்டு, எடுத்து வைத்திருந்த மாத்திரை அட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். மிஞ்சியது ஆண்கள் போடும் உறை. நர்ஸம்மா கொடுப்பார், நான் வாங்கிக்கொண்டு வருவேன். அப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது.

இரண்டாவது பிள்ளை பெண். அந்தப் பிரசவத்தில் பிரஷர் ஏறி எனக்கு ஜன்னி கண்டுவிட்டது. பிள்ளை பிறந்ததே எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். இப்போது ஆபரேஷன் வேண்டாம், பிரஷர் இறங்கட்டும், ரத்தம் ஊறட்டும், பிறகு வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்கள்.

ரத்தம் ஊறவே இல்லை. இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, கருப்பட்டி, ஆட்டு ஈரல் என்று மாமியார் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்பார்கள். மாமியாருக்கு இது புரியவில்லை. அவர் காலத்தில் ஆபரேஷன் முகாமுக்குப் போய் வரிசையில் படுத்து எழுந்து வந்தவர். தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று என்னைப் பார்த்துக் கேட்பார்.

அப்படி ஒருமுறை போயிருந்தபோது, பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். ஆண்களுக்கும் இருக்கிறது, தையல்கூடக் கிடையாது, சின்னதாக ஒரு துளைதான், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த சிஸ்டர் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்தவர் போல, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்கும்போதுதான் இவர் கேட்டார்.

"நான் செஞ்சுக்கிட்டா உனக்கு ஏதும் சங்கடமா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் வேண்டாம் என்றேன். ஊர் என்ன பேசும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எந்த முடிவையும் மெதுவாக எடுக்கிறவர் அவர். ஒரு கிடாயை விற்பதற்கே மூன்று சந்தை பார்ப்பார். உளுந்து விதைப்பு முடிந்த பிறகு ஒருநாள், அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நீயும் வருகிறாயா என்று கேட்டார். அவ்வளவுதான்.

மாமியார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாரம் தூக்குதவன், வெயில்ல அலையுதவன். அவனுக்கு அங்கன கத்திய வச்சா அவன் என்னத்துக்கு ஆவான்? நீயாவது சொல்லப்பிடாதா?"

ஆட்டுக்கார வீட்டில் இந்தப் பயம் வருவது இயற்கை. காயடித்த கிடாய் எப்படி ஆகும் என்பதை அன்றாடம் பார்க்கிறவர்கள். கொழுக்கும், சாதுவாகிவிடும், பெட்டையை ஏறெடுத்துப் பார்க்காது. என் வீட்டுக்காரரே வருஷத்துக்கு இரண்டு மூன்று கிடாய்களை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர்தான். இரண்டும் வேறு வேறு என்று நர்ஸம்மா வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொல்லிப் பார்த்தார். மாமியார் மோர் கொடுத்து உபசரித்தார். நம்பவில்லை.

டீக்கடையிலும் செய்தி பரவிவிட்டது. காயடித்துக்கொள்ளப் போகிறாயாமே என்று ஒருவர் எல்லோரும் இருக்கும்போது கேட்டிருக்கிறார். இவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "கிடாய்க்கு அடிக்கையில அது கையெழுத்துப் போட்டா குடுத்துச்சு? நான் போட்டுக் குடுக்கப் போறேன், அதான் வித்தியாசம்" என்றாராம். அதை அந்த டீக்கடைக்காரரின் மனைவிதான் எனக்குச் சொன்னாள். இவர் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் போனோம். அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இவ்வளவுதானா என்று எனக்கே ஏமாற்றம் மாதிரி இருந்தது. சிஸ்டர் எங்கள் இருவரையும் எதிரில் நிறுத்தி வைத்துச் சொன்னார். இது செய்த உடனே பலன் கிடையாது. மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதுவரை உறை போட வேண்டும். மூன்று மாதம் கழித்து வந்து டெஸ்ட் எடுத்து, உயிரணு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் உறையை விட வேண்டும். புரிந்ததா என்று இரண்டு தரம் கேட்டார். புரிந்தது என்று இரண்டு தரமும் சொன்னோம். ஒரு காகிதப் பையில் உறைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். பஸ் மேட்டிலும் பள்ளத்திலும் குதித்தபோது மட்டும் அவர் முகத்தைச் சுளித்தார். சில நாள் ஓய்வில் இருந்துவிட்டு வழக்கம்போல ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். மாமியார் சாயங்காலம் அவர் திரும்பி வருகிற நடையைப் பார்ப்பதற்காகவே தெருவில் நின்றார்.

காகிதப் பையில் இருந்தது தீர்ந்துபோனது. நர்ஸம்மா அப்போது நீண்ட விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் ரொம்பச் சின்னப் பெண், அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இவரைக் கோவில்பட்டியில் மருந்துக்கடையில் வாங்கிவரச் சொன்னேன். போனார். கவுண்டரில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்களாம், தலைவலித் தைலம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சமயம் ஊரில் கோயில் கொடை வந்தது. வீடு நிறைய விருந்தாட்கள், கறி, மேளம். விருந்தாட்கள் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிஸ்டர் சொன்னது மறந்துபோகவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து முடித்த பிறகும் மூன்று மாதம் பாக்கி இருக்கும் என்பதை மனசு ஏற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் எனக்கு நாள் தள்ளியது. பிரஷரால் இருக்கும் என்று விட்டேன். பிறகு ஜெராக்ஸ் மெஷினின் சூட்டு வாசனை பிடிக்காமல் போனது. பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் சோதனை அட்டை வாங்கிவந்து, காலையில் பார்த்தேன். இரண்டு கோடு.

அவர் பட்டியில் குட்டிகளுக்குத் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் அவர் பேசவில்லை. சாப்பிட்டார், பிள்ளைகளைக் கொஞ்சினார், என்னிடம் மட்டும் தேவைக்கு ஒரு வார்த்தை. என்னவென்று சொல்வது, எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. கேட்டுவிட்டால் பதில் சொல்லலாம். கேட்காதவருக்கு என்ன பதில் சொல்வது? தினமும் பஸ் ஏறி டவுனுக்குப் போய்வருகிற பெண் நான். ஊர் என்ன கணக்குப் போடும் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கணக்கை இவரும் போடுகிறாரோ என்பதுதான் தாங்க முடியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் கை கால் கழுவ வந்தபோது, தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"சந்தேகமா இருந்தா நேரா கேட்டிருங்க. மனசுல வச்சுக்கிட்டுத் திரியாதீங்க."

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார்.

"உம்மேல எனக்கு என்ன சந்தேகம்? நான் நெனச்சது உன் உடம்ப. போன தடவ நீ கெடந்த கெடப்ப நான்தான பாத்தேன், நீயா பாத்த? தைலத்த வாங்கிட்டு வந்தது நான்தான. அத நெனச்சுத்தான் பேச்சு வரல."

நான் செம்பை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். அது ஆறுதல் அழுகைதான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. உறை போட்டீர்களா என்று கேட்டார், இவர் தலையைக் குனிந்துகொண்டார். குழாயைக் கட்டுவதற்கு முன்னால் உள்ளே சேர்ந்திருந்ததெல்லாம் வெளியேற நாளாகும், அதற்காகத்தான் மூன்று மாதம் சொன்னோம் என்று விளக்கினார். "மோட்டார நிப்பாட்டுன பெறகும் குழாய்ல கெடக்குத தண்ணி வரும்லா, அந்த மாதிரியா?" என்று இவர் கேட்டார். அதேதான் என்றார் டாக்டரம்மா.

தனக்கு அந்த டெஸ்டை இப்போதே எடுத்துவிடலாம் என்று சொன்னது இவர்தான். அது வேண்டாம், என்மேல் சந்தேகம் இல்லை என்றீர்களே என்றேன். எனக்காக இல்லை, நாளைக்கு யாராவது உன்னை ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கையில் ஒன்று இருக்கட்டும் என்றார். அந்த டெஸ்டுக்குக் கொடுப்பதற்கு அவர் பட்ட கூச்சத்தை நான் எழுதப்போவதில்லை. இன்னும் உயிரணு இருக்கிறது என்று முடிவு வந்தது.

பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். கருத்தடை தவறி வந்தது என்பதால் வேண்டாமென்றால் கலைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. வைத்துக்கொள்வதென்றால் பிரஷருக்கு முதலிலிருந்தே மாத்திரை போட்டு, அடிக்கடி வந்து பார்க்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். இரண்டிலும் என்ன ஆகலாம் என்பதை மறைக்காமல் சொன்னார். யோசித்துச் சொல்லச் சொன்னார்.

வீட்டுக்காரர், "நீ சொல்லுததுதான். ஒடம்பு உன்னுது" என்று சொல்லிவிட்டார். முதலில் கலைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஏன் என்று என்னையே கேட்டபோது, பிரஷருக்குப் பயந்து என்பதைவிட ஊர் வாய்க்குப் பயந்து என்பதுதான் முன்னால் வந்து நின்றது. அந்தக் காரணத்துக்காகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அந்தப் பயம் தணியட்டும் என்று சில நாள் பொறுத்தேன். தணிந்த பிறகு பார்த்தால், கலைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை. வேறொரு பெண்ணுக்கு வேறு மாதிரி தோன்றியிருக்கலாம். அதில் தப்பில்லை. எனக்கு இப்படித் தோன்றியது.

மாமியாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. இவர்தான் சொன்னார். சொன்னதும் அவர் மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். என் முகத்தில் எதையோ தேடிவிட்டு விலகியது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. இவர் டெஸ்டைப் பற்றியும் குழாயில் கிடக்கும் தண்ணீரைப் பற்றியும் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். மாமியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய் அரிசி களைந்தார். நம்பினாரா இல்லையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது தண்ணீர்த் தொட்டியடியில்தான். எங்கள் தெருவில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு, காலையில் எல்லாப் பெண்களும் அங்கேதான். அன்று நானும் மாமியாரும் குடத்தோடு நின்றோம். எதிர்வீட்டுப் பெண், மாமியாருக்கு மதினி முறை வேண்டும், சிரித்த முகத்தோடு ஆரம்பித்தாள்.

"என்ன மதினி, ஒங்க மவனுக்கு ஆபரேஷன் ஆயிட்டுன்னாவ. இப்ப மருமவ வாந்தி எடுக்கான்னுதாவ?"

மாமியார் குடத்தைக் கீழே வைத்தார்.

"ஆமா, எடுக்கா. மோட்டார நிப்பாட்டுன ஒடனே ஒங்க வீட்டுக் குழாய்ல தண்ணி நின்னுருதா? கெடக்குதது வந்துதான நிக்கும். எம்மவனுக்கும் அப்படித்தான். டாக்டரு டெஸ்டு பண்ணிச் சொல்லிட்டாவ. இன்னும் என்னமும் கேக்கணும்னா எங்கிட்ட கேளு, அவகிட்ட கேக்காத."

ஒரு கிழவி வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எதிர்வீட்டுப் பெண் தன் குடம் நிறைந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பினாள், நிறையவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மாமியார், உப்பு குறைத்துச் சாப்பிடச் சொன்னார்கள் இல்லையா, இனி எனக்குத் தனியாகக் குழம்பு வைப்பதாகச் சொன்னார். வைத்தார். அத்தனை மாதமும் வைத்தார்.

மூன்று மாதம் முடிந்து இவர் மறுபடியும் டெஸ்டுக்குப் போனார். ஒன்றும் இல்லை என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறையும் பார்த்தார்கள். அப்போதும் ஒன்றும் இல்லை.

மாதம் ஏற ஏறப் பிரஷரும் ஏறியது. காலும் முகமும் வீங்கிப்போய்க் கடைக்குப் போவதை நிறுத்தினேன். நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் இந்தத் தடவை எனக்கு நினைவு இருந்தது. பெண் பிள்ளை. அழுகைச் சத்தம் கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரம்மா கேட்டார். முன்பே ஒருமுறை பேசியிருந்ததுதான். வயிறு திறந்துதான் இருக்கிறது, உனக்கும் சேர்த்துக் கட்டிவிடட்டுமா, முடிவு உன்னுடையதுதான் என்றார்.

மாமியார் அதைத்தான் விரும்பினார். இனி ஒருத்தரும் வாய் திறக்க வழியிருக்காது என்று ஆஸ்பத்திரிக்கு வரும்போதே சொல்லியிருந்தார். நானும் பாதி மனசாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் தெளிவாகிவிட்டது.

"வேண்டாம் மேடம். அவிய செஞ்சிருக்காவ. டெஸ்டும் சரியா வந்துட்டு. அது போதும்."

சரிம்மா என்றார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு இவர் வந்தார். சிஸ்டர் சொல்லியிருப்பார் போல.

"வேண்டாம்னுட்டியாமே?"

"ஆமா."

"பயமா இல்லியா?"

இல்லை என்றேன். அவர் பிள்ளையைத் தூக்க வந்தார், கை கழுவவில்லை என்று சிஸ்டர் விரட்டியதும் கழுவப் போனார். திரும்பி வர ரொம்ப நேரமானது. வந்தபோது கண் சிவந்திருந்தது.

பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்த்தார்கள். பிறந்த பிள்ளையின் முகத்தில் என்ன தெரிந்துவிடும்? அப்பா மாதிரி என்று சிலர் சத்தமாகச் சொன்னார்கள், தேவையில்லாத சத்தம். சிலர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் ஊரில் ஒன்றிரண்டு பேர் மனசில் அந்தக் கணக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் அவர்களைப் பார்த்தால் உடம்பு எரியும். பிறகு விட்டுவிட்டேன். எப்போது விட்டேன் என்றுகூட நினைவில்லை. அவள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போய்வருகிறேன். அதற்குப் பிறகு எனக்கு நாள் தள்ளவில்லை.

போன வருஷம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் தன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகள், அவளும் உடம்புக்கு முடியாதவள். ஆண்கள் இருவரும் பட்டியடியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். நானும் அவளும் உள்ளே பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன் வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். போகும்போது அவள் வீட்டுக்காரர் செய்துகொள்வதாகத்தான் சொல்லிப் போனார். ஆனால் வீட்டில் அவருடைய அப்பாவும் அண்ணனும் விடவில்லை. கடைசியில் அவள்தான் போய்ச் செய்துகொண்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். சுவர் ஓரமாகப் படுத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். இருக்கட்டும், தேயுங்கள் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.